பூரண குணத்தோடு

காக்களூர்
19.1.2025

அன்புத் தங்கை குணசுந்தரிக்கு,

அக்கா கனகவல்லி எழுதுவது. இங்கே நான் நலம். மாமாவும் நலம். மாமா நலம் என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன், பார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா பழைய ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூன்று முகமும் தொங்கிப்போய், ஒருவர் கையில் பெரிய ரோஜா மாலை. மாமாதான் கதவைத் திறந்தார்.

"ராஜமாணிக்கம் ஊடு இதானே?"

"இதான்."

"நாங்க கும்மிடிப்பூண்டி கம்பி கம்பெனிலேர்ந்து வர்றோம். சரவணகுமாரு கூட வேலை செய்யறவங்க. இங்க ஒரு கல்யாணத்துக்கு வந்தோம், அப்டியே விசாரிச்சிட்டுப் போலாம்னு. ரொம்ப வருத்தமா கீது. ஃபோட்டோ எங்க வச்சிகிறீங்க?"

"யாரு ஃபோட்டோ?"

"ராஜமாணிக்கம் ஃபோட்டோ."

"நாந்தாம்பா ராஜமாணிக்கம்."

மாலை வைத்திருந்தவர் உன் வீட்டுக்காரரின் சூப்பர்வைசர் அந்தோணி. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மாமாவே அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வாங்கினு வந்தத வீணாக்கக் கூடாது. உள்ள வாங்க, காபி சாப்டுங்க" என்றார். காபி குடித்து முடித்ததும் அந்தோணி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "என் மனைவியின் மூத்த சகோதரியின் கணவர் ராஜமாணிக்கம் அகால மரணமடைந்ததால் நான்கு நாட்கள் விடுப்பு." முத்து முத்தாக உன் கையெழுத்து. தெரு பெயர், கதவு எண் எல்லாம் போட்டிருக்கிறாய். ஒரு பொய்ச் சாவுக்குக் கதவு எண் எதற்கடி?

போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுவாய். காகிதத்தைக் கட் பண்ண முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். பூமிகாவுக்கு என் முத்தம்.

உயிரோடிருக்கும் ராஜமாணிக்கத்தின் மனைவி,
கனகவல்லி


கும்மிடிப்பூண்டி
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

குணா பணிவோடு எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று எழுதக் கை கூசுகிறது. மாமா காலில் நூறு முறை விழுந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்.

பொங்கலுக்கு முன்னால் குடித்துவிட்டு நான்கு நாள் அவர் எழுந்திருக்கவே இல்லை அக்கா. நான் வேறு என்ன எழுதுவேன்? காய்ச்சல் தீர்ந்துபோயிற்று. வயிற்றுப்போக்கு தீர்ந்துபோயிற்று. மாமியார் குப்பம்மாளுக்கு இருக்கும் கண்கள் இரண்டுதான், நான் மூன்று முறை ஆபரேஷன் செய்துவிட்டேன். யார் மிச்சம் என்று யோசித்தபோது மாமா நினைவுக்கு வந்தார். கதவு எண் போட்டால் நம்புவார்கள் என்று நினைத்தேன், நேரில் வருவார்கள் என்று நினைக்கவில்லை.

போன திங்கட்கிழமை அந்தோணி அண்ணன் எங்கள் இருவரையும் கம்பெனிக்குக் கூப்பிட்டு, மேசையில் ஒரு ஃபைலை வைத்தார். ஒன்றரை வருஷத்தில் நான் எழுதிய இருபத்தேழு லீவு லெட்டரும் தேதி வாரியாக அதில் இருந்தன. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தங்கச்சி, உன் எழுத்தப் படிச்சி ரெண்டு தபா நானே கண்ணு கலங்கிக்கிறேன். ஆனா இவன் கிரேன் ஓட்டறவன். ரெண்டு டன்னு கம்பிய தலைக்கு மேல தூக்கிக்கினு போறான். கீழ நாலு ஒடியா ஆளுங்க நின்னுகினு கீறாங்க. நீ ஜொரம் ஜொரம்னு எழுதிக்கினே இருந்தா, இவன் கை நடுங்கறது எனக்கு எப்ப தெரியும்?"

ஒரு மாதம் அவர் சிகிச்சை மையத்தில் சேர வேண்டும். வந்த பிறகு இரண்டு மாதம் கீழே வேலை, அப்புறம்தான் கிரேன். "இனிமே உன் கையெழுத்துல ஒரு லெட்டர் வந்தாலும் அன்னிக்கே அவன் வேலை போச்சு. வரலைன்னா ஏன் வரலைன்னு அவனே எழுதணும்" என்று சொல்லிவிட்டார். அவர் நாளை சேருகிறார்.

எனக்கு அழுகையாக வந்தது. அவருக்காக இல்லை. அந்த லெட்டர்கள்தான் இந்தக் குடும்பத்தைத் தாங்குகின்றன என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உன் அன்புத் தங்கை,
குணா

பி.கு. என் பெயருக்குக் கடிதம் வந்தது இதுதான் முதல் முறை. திட்டுதான் என்றாலும் நான்கு தடவை படித்தேன். இன்னொன்று எழுதேன்.


காக்களூர்
5.2.2025

குணாவுக்கு அக்காவின் ஆசிகள். இங்கே நலம். அங்கே நீயும் பூமிகாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உன்னை மன்னித்தாகிவிட்டது. மாமாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. பால் வாங்கி வாருங்கள் என்றால், "எனக்கு காரியமே இன்னும் முடியல, அதுக்குள்ள வேலை வெக்கறியா?" என்கிறார். மாலையோடு எடுத்த படத்தைத் தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டது.

மாப்பிள்ளை மையத்தில் இருக்கிறார், சரி. குடும்பத்தாருக்கு மீஞ்சூரில் சனிக்கிழமைதோறும் கூட்டம் நடக்கிறதாம், நீ போகவில்லையாம். குடிக்கிறது அவர், நான் எதற்கு என்று கேட்டாயாம். மையத்துக்குப் போன் செய்தேன், சொன்னார்கள். நீ போ. ரயிலில் அரை மணி நேரம். போய்விட்டு வந்து எனக்கு எழுது. அவரைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி.

அன்புடன்,
கனகவல்லி


கும்மிடிப்பூண்டி
24.2.2025

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமாவின் காரியம் நல்லபடியாக முடிந்ததா?

மூன்று சனிக்கிழமை போய்விட்டேன். கூட்டத்தை நடத்துகிறவர் ஹெலன் என்று ஒரு அம்மா. முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார், உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பன்னிரண்டு கேள்வி. நமக்கு எழுதுவதற்கென்ன, மடமடவென்று எழுதி முதல் ஆளாகக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தூக்கம் எப்படின்னு கேட்டா, 'மாத்திரை போட்டால் நாலு மணி நேரம்'னு போட்டிருக்கீங்க. நீங்க மாத்திரை போடறீங்களா?"

"இல்லீங்க, அவரு."

"உடல்நிலைன்னு கேட்டா, 'கல்லீரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது'. உங்க கல்லீரலா?"

அறையே சிரித்தது அக்கா. நானும் சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு கேள்விக்கும் அவரைத்தான் எழுதியிருந்தேன், அது எனக்கே தெரியவில்லை. ஹெலன் வேறு படிவம் கொடுத்து, "குடி அவருது, காவல் உங்களுது. அவரு ஒரு மாசத்துல வெளிய வந்துடுவாரு. நீங்க எப்ப வர்றீங்க?" என்று கேட்டார். உங்களுக்குப் பிடித்த சாப்பாடு எது என்ற கேள்வியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் பழவேற்காட்டிலிருந்து வருகிற ரமீஸா இருந்தார். அவர் தம்பிக்குப் போதை மாத்திரைப் பழக்கம். "எங்க ஊட்டுல துணி தொவைக்கிறதே பாக்கெட்ட பாக்கறதுக்குத்தான்" என்றார். எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

லீவு லெட்டர் கதையை அங்கே சொன்னேன். இப்படி எழுத எங்கே கற்றீர்கள் என்று ஹெலன் கேட்டார். அக்காவிடம் என்றேன். நம் நைனா குடித்துவிட்டுப் படுத்தால் நீதானே ரைஸ் மில்லுக்கு லீவு லெட்டர் எழுதுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து மை காய ஊதிக்கொண்டிருப்பேனே, நினைவிருக்கிறதா?

அன்புடன்,
குணா


காக்களூர்
6.3.2025

அன்புள்ள குணா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கல்லீரலைப் படித்து மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

எங்கள் கம்பெனியில் புதிதாக நீல மூடி ஓடுகிறது. ஒரு நாளைக்கு எட்டாயிரம் தண்ணீர் பாட்டில் மூடியை என் லைன் பார்க்கிறது. கண்ணை மூடினாலும் நீலமாகத் தெரிகிறது. பல்லவன் நகர் வழியாகப் போகும் பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். மாவு மிஷின் வைத்திருக்கிறவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

உன் கடிதத்தில் மாப்பிள்ளை வருகிற இடத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். நான்கு. போன கடிதத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லை. உனக்குப் பிடித்த சாப்பாடு எது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி.

பூமிகாவைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்.

உன்
அக்கா


கும்மிடிப்பூண்டி
10.4.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். நீயும் மாமாவும் சௌக்கியமா? வெயிலில் மோர் குடி.

இறால் தொக்கு! அவருக்கு இறால் சாப்பிட்டால் உடம்பு அரிக்கும் என்று பதினாலு வருஷமாக எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவே இல்லை. போன ஞாயிறு கால் கிலோ வாங்கி எனக்கு மட்டும் செய்தேன். பூமிகா ஓரமாக வந்து பாதியைத் தின்றுவிட்டாள்.

அவர் வந்து ஆறு வாரம் ஆகிறது. தினமும் வேலைக்குப் போகிறார். காலையில் தானே நாஷ்டா எடுத்து வைத்துக்கொள்கிறார். எனக்குத்தான் மூக்கு சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் வந்தாலே மோந்து பார்க்கிறேன். போன வாரம் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் புதுவாயல் கூட்டு ரோட்டுக்கே போய், கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒயின் ஷாப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் நேராக ஜூஸ் வண்டிக்கு வந்தார். "ரெண்டு ஜூஸ்ப்பா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு வண்டிக்குப் பின்னால நிக்கற அம்மாவுக்கு" என்றார். வெட்கத்தில் ஜூஸில் கிடந்த இஞ்சியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஹெலனிடம் சொன்னபோது, "பரவால்ல, போன மாசம்னா ஒயின் ஷாப்புக்குள்ளயே போயிருப்பீங்க" என்றார்.

நைனாவைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ ஒன்றும் எழுதவில்லையே.

உன் குணா


கும்மிடிப்பூண்டி
26.5.2025

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாயா? போன திங்கட்கிழமை போனில் பேசியதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுதாக எழுதுகிறேன்.

மே ஐந்தாம் தேதிதான் அவரை மறுபடி கிரேனில் ஏற்றியிருந்தார்கள். பதினெட்டாம் தேதி அவர் சித்தப்பா மகன் கல்யாணம். நான் தடுக்கவில்லை, பின்னாலேயே போகவும் இல்லை. குடித்துவிட்டுத்தான் வந்தார். காலையில் ஏழு மணி ஷிஃப்ட், கை நடுங்குகிறது. "குணா, ஒரே ஒரு லெட்டர். ஜொரம்னு எழுது, கடைசி தபா" என்று குழந்தை மாதிரி கேட்டார். என் கையெழுத்தில் போனால் வேலை போய்விடும் என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னாய்: "நீ எழுதினாதானே பேஜாரு? பூமிகா கையெழுத்து நல்லா இருக்குமே, அவள எழுதச் சொல்லு. இந்த ஒரு தபா."

பூமிகா பக்கத்தில்தான் இருந்தாள். போன் சத்தத்தில் அவளுக்கும் கேட்டுவிட்டது. போய் நோட்டும் பேனாவும் எடுத்து வந்து, "இன்னான்னு எழுதணும்மா?" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயசு அக்கா.

அந்தப் பேனாவை வாங்கி அவர் கையில் வைத்தேன். "நீயே எழுது" என்றேன். கல்யாணமாகி முதல் முறையாக அவரை நீ என்று சொன்னேன். அரை மணி நேரம் ஆயிற்று. கோணல் மாணலாக மூன்று வரி: "நேற்று குடித்துவிட்டேன். இன்று கை நடுங்குகிறது. கிரேன் ஏறக் கூடாது, அதனால் வரவில்லை." அவரே கொண்டு போய்க் கொடுத்தார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அவர் பின்னால் போகாமல் பூமிகாவுக்குத் தலை பின்னினேன்.

அந்தோணி அண்ணன் மூன்று வரியையும் படித்துவிட்டு, "இப்பதாண்டா மொத தபா உன் லெட்டர் வந்துகீது" என்றாராம். மறுபடி மூன்று மாதம் தரை வேலை, வாரம் இரண்டு முறை மையம். வேலை இருக்கிறது. இனிமேல் எப்படியோ, எனக்குத் தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை. எழுது.

குணா


கும்மிடிப்பூண்டி
20.6.2025

அக்கா,

நலமா? மாமாவுக்குப் போன் செய்தால், "நல்லாத்தான் கீறா, மூடி எண்ணிக்கினு கீறா" என்கிறார். நாலு வாரமாக ஒரு வரி இல்லை. தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்கிறேன், அவருக்கே என்மேல் பரிதாபம். திட்டியாவது எழுது.

குணா


காக்களூர்
2.7.2025

என் அன்பு குணாவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, எழுதவில்லை. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

நைனாவைப் பற்றி இரண்டு முறை கேட்டாய். நான் மூடியைப் பற்றி எழுதினேன். இப்போது சொல்கிறேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் நைனாவுக்காக எழுதினேன். மில் முதலாளி, "பொண்ணு எழுத்துக்காகத்தான் உன்ன உடறேன்" என்று சொல்வாராம். எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா? ஒரு குடும்பமே என் பேனாவில் நிற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடப்பேன்.

எனக்குப் பதினைந்து வயதில் நைனாவின் கை மில் பெல்ட்டில் போனது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தின நாள் லெட்டரை நான் இப்படி முடித்திருந்தேன்: "காய்ச்சல் நீங்கிவிட்டபடியால் நாளை பூரண குணத்தோடு வேலைக்கு வருவார்." காலையில் அவர் கை நடுங்கியது. "நாளைக்கு வர்றேன்னு எழுதிட்டியேம்மா, போவலன்னா உன் எழுத்து பொய்யாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் லீவு லெட்டரையும் நான்தான் எழுதினேன். அதில் மட்டும்தான் பொய் இல்லை.

இவ்வளவும் தெரிந்தவள், அன்றைக்குப் போனில் பூமிகாவை எழுதச் சொல் என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை மையத்தில் இருந்தபோது தினமும் போன் செய்து விசாரித்தேன். உன் கூட்டத்துக்கு நீ வந்தாயா என்று ஹெலனுக்கும் வாராவாரம் போன். அந்த அம்மா ஒருநாள், "நீங்களும் வந்து உட்காரலாமே" என்றார். கோபப்பட்டு வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளையை நீ மோந்து பார்த்தாய். நான் உன்னை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா


கும்மிடிப்பூண்டி
12.7.2025

என் அக்காவுக்கு,

நலம் என்று எழுதாத கடிதம்தான் நீ எழுதியதிலேயே நல்ல கடிதம். படித்து நன்றாக அழுதேன், அப்புறம் எழுந்து முகம் கழுவினேன்.

அப்போது நீ பன்னிரண்டு வயசுக் குழந்தை அக்கா. பூமிகா நோட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். உன் கையிலிருந்து வாங்க அன்றைக்கு யாரும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மைதான் ஊதினேன்.

இப்போது ஒரு விஷயம். ஆகஸ்டு இரண்டாம் தேதி சனிக்கிழமை கூட்டம் மீஞ்சூரில் இல்லை. ரமீஸா எல்லாரையும் பழவேற்காட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஏரியில் படகு, அவர் வீட்டில் இறால் பிரியாணி. இந்த மாதத்தில் பூநாரை வராதாம். வராவிட்டால் என்ன, நாம் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலேயே இருந்துகொண்டு இத்தனை வருஷமாக நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. வீட்டில் பூமிகாவும் அவள் அப்பாவும் சமைத்துக்கொள்வார்கள். அவர் குடிப்பாரா, மாட்டாரா என்று கேட்காதே. அன்றைக்கு எனக்கு லீவு.

நீயும் வர வேண்டும். உனக்குச் சனிக்கிழமை வேலை என்று தெரியும். ஆனால் லீவு லெட்டர் என்னிடம் கேட்காதே, கடையை மூடிவிட்டேன். நீயே எழுது.

உன் குணா


காக்களூர்
24.7.2025

குணாவுக்கு,

நிஜமாகவே நலம்.

லீவு லெட்டர் எழுத இரண்டு நாள் ஆயிற்று. காய்ச்சல் என்று ஆரம்பித்துவிட்டு அடித்தேன், மறுபடி காய்ச்சல் என்றே வந்தது. மேலாளர் படித்துவிட்டு, "இன்னாம்மா இது, இப்படியெல்லாமா எழுதுவாங்க?" என்றார். "இல்ல சார், நானும் இப்பதான் கத்துக்கறேன்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். நகல் கீழே. காலை ஒன்பதரைக்கு மீஞ்சூர் ஸ்டேஷனில் நில். மாமா, "செத்தவனுக்கு பிரியாணி கிடையாதா?" என்று கேட்கிறார். டப்பாவில் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


அனுப்புநர்:
ரா. கனகவல்லி,
லைன் இன்சார்ஜ், மூடிப் பிரிவு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வருகிற 2.8.2025 சனிக்கிழமை எனக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஆபரேஷன் இல்லை. யாரும் இறக்கவில்லை, என் கணவர் மிகவும் நலமாக இருக்கிறார். என் தங்கையோடு பழவேற்காட்டில் படகில் போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை எனக்காக நானே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பூரண குணத்தோடு வேலைக்கு வருவேன்.

இப்படிக்கு,
ரா. கனகவல்லி